கம்பெனி காரின் சொந்த ஓட்டத்துக்குக் கணக்கு: வேலூர் பக்கம் மாட்டித் தரும் ஜிபிஎஸ் சேவைகள் எப்படி?

ராணிப்பேட்டை சிப்காட் தொடங்கி மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல், ஷூ கம்பெனிகளில் மேனேஜருக்கும் மார்க்கெட்டிங் ஆட்களுக்கும் கார் கொடுப்பது வழக்கம். காரோடு வரும் விதி பெரும்பாலும் வாய்ச்சொல்தான்: "சொந்த வேலைக்கு அளவா எடுத்துக்கோங்க." எது அளவு என்று யாரும் எழுதித் தருவதில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் ஓடோமீட்டரில் திருவண்ணாமலை போய் வந்த தூரம் கூடியிருந்தால் அப்போதுதான் பேச்சே வருகிறது. பேச்சு முடிந்ததும் ஓனர் கார் ஆக்ஸசரி கடைக்குப் போன் போட்டு "ஜிபிஎஸ் ஒண்ணு மாட்டிடுங்க" என்கிறார்.

அந்தப் போனைப் போடுவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய சங்கதிகள் இவை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வயர் போட்டு மாட்டும் கருவியில், டிஜிட்டல் இன்புட் (வெளியே ஒரு சுவிட்சை இணைக்க உதவும் உபரி வயர்) உள்ளதாகப் பார்த்து வாங்கினால் காசுக்கு மோசமில்லை. ஓபிடி சாக்கெட்டில் (சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டும் இடம்) செருகும் வகை ஒரு மாதச் சோதனைக்குப் போதும், அதற்கு மேல் வேண்டாம். போன் ஆப் மட்டும் போதும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வீட்டில் போனை வைத்துவிட்டுப் போனால் அந்தக் கணக்கு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

செருகும் வகை

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் ஒன்று இருக்கும். 16-ம் பின்னில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் வரும், 4-ம் 5-ம் எர்த். கருவி அதில் நேரடியாக உட்கார்ந்துகொள்ளும். எலக்ட்ரீஷியன் வேண்டாம், ஒரு வயரையும் வெட்ட வேண்டாம். விற்கிறவர்கள் இதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள்.

மாட்டுவது எவ்வளவு சுலபமோ கழற்றுவதும் அவ்வளவு சுலபம். உள்ளே சின்ன பேட்டரி இருந்தால் 'பவர் துண்டிப்பு' என்று ஒரு அலர்ட் வரும். அலர்ட் வரும்போது கேட்டால், "சர்வீஸுக்கு விட்டிருந்தேன் சார்" என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருக இதைத்தான் முதலில் பிடுங்குவார்கள். வேலை முடிந்து திரும்பச் செருக மறந்து க்ளோவ் பாக்ஸில் போட்டுவிடுவது அடிக்கடி நடப்பது. இன்னொன்று, சில வண்டிகளில் கிளட்ச் மிதிக்கும் முழங்கால் கருவியில் இடிக்கும். நீட்டிப்பு வயர் போட்டுப் பின்னால் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.

பேட்டரிக் கணக்கையும் பாருங்கள். சின்ன பெட்ரோல் காரில் பேட்டரி சுமார் 35 ஆம்பியர்-அவர். தூங்காமல் விழித்தே இருக்கும் மலிவான கருவி 50 மில்லியாம்பியர் இழுத்தால் நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் போகும். பொங்கலுக்குப் பத்து நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால் 12 போய்விடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. காரின் சொந்த இழுப்பு வேறு தனி. பேட்டரி பழசாக இருந்தால் வந்ததும் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒழுங்காகத் தூங்கும் கருவி 5 மில்லியாம்பியரோடு நிற்கும். பத்து நாளைக்கும் 1.2-தான். சோதிக்க வேண்டுமானால் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலுக்கும் அதன் வயருக்கும் நடுவில் தொடராகப் போட்டு, கதவைப் பூட்டி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். கருவியோடு ஒரு முறை, கழற்றி ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கருவி இழுப்பது.

வயர் போடும் வகை

குறைந்தது மூன்று வயர்: நிரந்தர பாசிட்டிவ், இக்னிஷன், எர்த். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பார்க்காமல் நிறத்தை நம்ப வேண்டாம். நல்ல எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் பாக்ஸில் 'ஃபியூஸ் டேப்' (ஃபியூஸ் இடத்தில் செருகிக் கூடுதல் வயர் எடுக்கும் சின்ன பிளக், ஒட்டும் டேப் அல்ல) போட்டு இக்னிஷன் எடுப்பார். ஏர்பேக், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஃபியூஸ் பக்கம் கை வைக்கவே மாட்டார். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் இதற்குப் போதும். பாசிட்டிவ் வயரில் 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் தனியாக இருக்க வேண்டும். எர்த்தைப் பெயின்ட் பூசிய ஸ்க்ரூவில் மாட்டினால் பாடியோடு சரியாகச் சேராது. கருவி நினைத்த நேரத்தில் அணைந்து எழும். ரிப்போர்ட்டில் அது வண்டியை யாரோ நோண்டியது போலத் தெரியும்.

அவசரத்தில் வயரைச் சுரண்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போவதுதான் இந்தப் பக்கம் அதிகம் பார்க்கும் குறை. கத்திரி வெயிலில் டேஷ்போர்டுக்கு அடியில் டேப்பின் பசை உருகிப் பிசுபிசுவென்று வழியும், ஜாயின்ட் தெரிய ஆரம்பிக்கும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடச் சொல்லுங்கள். கருவியை ஒட்டும் இரட்டைப் பக்க டேப்பும் அதே வெயிலில் விட்டுவிடும். கருவி தலைகீழாகத் தொங்கினால் ஆன்டெனா தரையைப் பார்க்கும், வானத்தைப் பார்க்காது. கேபிள் டை இரண்டு போட்டு, ஆன்டெனாப் பக்கம் மேலே, அதற்கு மேல் பிளாஸ்டிக் மட்டும் இருக்கும்படி கட்ட வேண்டும். தகடு இருந்தால் சிக்னல் வராது.

மாட்டியதும் வண்டியை ஷெட்டை விட்டு வெளியே எடுத்துத் திறந்த வெளியில் சில நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். முதல் தடவை சாட்டிலைட் பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும். பிறகு சாவியை அணைத்து, எத்தனை நிமிஷத்தில் தூங்குகிறது என்று பாருங்கள். கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

'இன்ஜின் கட்' ரிலே இலவசம் என்று சேர்த்துத் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்ரோல் பம்ப் வயரை வெட்டி நடுவில் போடுவது அது. வயரிங் வாரண்டிக்கு ஆபத்து. ரிலே சூடாகிக் கெட்டால் பள்ளிகொண்டா பைபாஸில் வண்டி அப்படியே நிற்கும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும். சொந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்த இதற்கு ஒரு வேலையும் இல்லை. அலாரம் வந்த கோபத்தில் ஓடும் வண்டியை ஆபீஸிலிருந்து நிறுத்தும் ஓனர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் மறக்க வேண்டாம்.

டாக்ஸிக்குக் கட்டாயமான ஏஐஎஸ் 140 (அரசு தரப்படி வரும் ஜிபிஎஸ்) கருவி வெள்ளை போர்டு கம்பெனி காருக்குத் தேவையில்லை. 'ஆர்டிஓவில் கேட்பார்கள்' என்று அதை விற்கப் பார்த்தால் நம்ப வேண்டாம்.

கிலோமீட்டர் எவ்வளவு சரி?

சொந்த ஓட்டத்துக்குக் காசு பிடிக்கப் போகிறீர்கள் என்றால் சண்டை இங்கேதான் வரும்.

கருவி ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு புள்ளி அனுப்புவதாக வைத்திருந்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே அரை கிலோமீட்டர். சர்வர் அந்த இரண்டையும் நேர்கோட்டில் இணைக்கும். ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவும் அதற்கு நேர்ச்சாலைதான். ஓடோமீட்டரைவிடக் குறைவாகவே காட்டும். 10 விநாடிக்கு ஒரு புள்ளி என்று மாற்றினால் இடைவெளி 83 மீட்டர், கணக்கு கிட்டத்தில் வந்துவிடும். டேட்டா கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மாட்டும்போதே மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. டேனரி ஷெட்டின் தகரக் கூரைக்கடியில் நிற்கும் வண்டி, சிக்னல் தடுமாறி, மேப்பில் இங்கும் அங்கும் குதிக்கும். நின்ற இடத்திலேயே நாளைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் 'ஓடிவிடும்'. இக்னிஷன் வயரைக் கட்டி, 'சாவி அணைந்திருந்தால் தூரம் எண்ணாதே' என்று செட்டிங் வைத்தால் போய்விடும். செருகும் வகையில் பல கருவிகள் சாவி நிலையை வோல்டேஜ் வைத்து ஊகிக்கின்றன, அதனால் அவற்றில் இந்தத் தொல்லை கூடுதல்.

மாதக் கடைசியில் ஓடோமீட்டர் எண்ணை போட்டோ எடுத்து, ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிடுங்கள். நூற்றுக்கு ஐந்துக்குள் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் கருவியைப் பாருங்கள், ஆளைப் பார்ப்பது அப்புறம். "மலைல சிக்னல் இல்ல சார்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஜவ்வாது மலையில் டவர் கிடைக்காவிட்டாலும் சாட்டிலைட் கிடைக்கும். கருவி புள்ளிகளைச் சேமித்து வைத்து கீழே இறங்கியதும் அனுப்பிவிடும். வாங்கும்போது எத்தனை புள்ளி சேமிக்கும் என்று கேளுங்கள்.

வட்டம் போடும் அலர்ட்

வீட்டையும் தொழிற்சாலையையும் சுற்றி மேப்பில் வட்டம் போட்டு, உள்ளே வந்தால் வெளியே போனால் மெசேஜ் வரும் வசதி எல்லா சேவையிலும் உண்டு. 100 மீட்டர் வட்டம் போட்டால் சிக்னல் தடுமாற்றத்துக்கே நாலு தடவை அலறும். சரி, 500 மீட்டர் போடலாம் என்று போனால் வேறு கூத்து. சத்துவாச்சாரியில் வீடு இருக்கும் மேனேஜருக்கு 500 மீட்டர் போட்டால் தேசிய நெடுஞ்சாலையும் வட்டத்துக்குள் வந்துவிடும். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூருக்கு வேலையாகப் போகிற ஒவ்வொரு முறையும் 'வீட்டுக்குப் போனார்' என்று மெசேஜ் வரும். 250, 300 மீட்டர் வைத்து, பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் மட்டும் பதிவு செய்யும்படி அமைத்தால்தான் இது உருப்படி.

எது சொந்தம், எது ஆபீஸ்?

இங்கேதான் எல்லா சேவையும் சறுக்குகிறது. பெரும்பாலான ஆப்பில் இரண்டே பெட்டி: வேலை நேரம், வேலை நேரத்துக்கு வெளியே. காலை 8 முதல் இரவு 8 வரை ஆபீஸ், மற்றது சொந்தம் என்று அதுவே பிரித்துவிடும். எக்ஸ்போர்ட் சாம்பிளை ராத்திரி பதினோரு மணிக்கு மீனம்பாக்கத்துக்கு எடுத்துப் போவது இந்தத் தொழிலில் வாராவாரம் நடப்பது. அது சொந்த ஓட்டமாகிவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு மாமியாரை சிஎம்சிக்கு அழைத்துப் போனது ஆபீஸ் ஓட்டமாகிவிடும்.

மூன்றாவதாக ஒரு பெட்டி வேண்டும்: வீட்டிலிருந்து வேலை, வேலையிலிருந்து வீடு. கம்பெனி வண்டியில் இந்தப் போக்குவரத்தைச் சம்பளத்தோடு சேர்ந்த சலுகையாக வருமான வரிச் சட்டம் கருதுவதில்லை. காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்குத் தினமும் போய் வருகிறவரின் ஓட்டத்தில் பெரும்பங்கு அதுதான். அதைச் சொந்தக் கணக்கில் ஏற்றினால் மாதம் முடிவதற்குள் வரம்பு தீர்ந்துபோகும், மனக்கசப்புதான் மிச்சம். டெமோ காட்டும்போதே "மூணு வகையா பிரிச்சு ரிப்போர்ட் வருமா?" என்று கேளுங்கள். வராது என்றால் எக்செலில் இறக்கி நீங்களே பிரிக்க வேண்டும். ஒரு வண்டிக்கு மாதம் அரை மணி நேர வேலை.

டிஜிட்டல் இன்புட் உள்ள கருவியை முதலிலேயே சிபாரிசு செய்ததற்குக் காரணம் இதுதான். அந்த உபரி வயரில் டேஷ்போர்டில் ஒரு சின்ன ராக்கர் சுவிட்ச் போடலாம். இன்புட் பாசிட்டிவ்வில் வேலை செய்வதா எர்த்தில் வேலை செய்வதா என்று கையேட்டில் பார்த்து இணைக்க வேண்டும். சுவிட்ச் போட்டால் சொந்த ஓட்டம், அணைத்தால் ஆபீஸ். ரிப்போர்ட்டில் 'இன்புட் 1 ஆன்' என்று தூரம் தனியாக வரும். சுவிட்ச் போட்டிருக்கும்போது தூரத்தை மட்டும் காட்டி இடத்தை மறைக்கும் வசதி சர்வரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் எந்தக் கோயிலுக்குப் போனார், யார் வீட்டுக்குப் போனார் என்பது கம்பெனிக்கு எதற்கு? கிலோமீட்டர் போதும்.

ஃபாஸ்டேக் மெசேஜையும் சும்மா விடாதீர்கள். பள்ளிகொண்டா, வாணியம்பாடி, வாலாஜா பக்கச் சுங்கச்சாவடிகளின் நேரத்தை ஜிபிஎஸ் ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்தால் கருவி கழற்றப்பட்ட நாள் தானாகத் தெரியும். தனியார் கார்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-ல் வருடாந்திர பாஸ் வந்தது. வந்தபோது 3,000 ரூபாய்க்கு 200 தடவை. அதை வாங்கிய பிறகு மாதச் செலவில் டோல் தனியாகத் தெரியாது என்பதால் சொந்தத் தடவையும் அதில் கரைந்துவிடும். எண்ணிப் பிரியுங்கள்.

வரிக்கு இந்த ரிப்போர்ட் போதுமா?

போதாது. 'முழுக்க ஆபீஸ் வேலைக்கு மட்டும்' என்று காட்ட வேண்டுமானால் 1962-ம் வருட வருமான வரி விதிகள் கேட்டது ஓட்டத்தின் தேதி, போன இடம், தூரம், ஆன செலவு, அதோடு கம்பெனியின் சான்று. ஜிபிஎஸ் முதல் மூன்றைத் தரும். செலவையும் எதற்காகப் போனார் என்பதையும் தராது. டேஷ்போர்டு மேல் கிடக்கும் அந்த நீள லாக் புக் இன்னும் வேண்டும்.

பாதி சொந்தம், பாதி ஆபீஸ் என்று ஒத்துக்கொண்டால் கணக்கு எளிது. கம்பெனி வண்டி, கம்பெனி செலவு என்றால் அந்த விதிகளில் 1.6 லிட்டர் வரையிலான இன்ஜினுக்கு மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400, டிரைவருக்கு 900 கூட என்று இருந்தது. 1,800 என்றால் வருடத்துக்கு 21,600 சம்பளத்தில் ஏறும். 20 சதவீதத்தில் இருப்பவருக்கு செஸ் தவிர வரி 4,320. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருட வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் பழைய தொகையையே பிடித்துக்கொண்டிருக்காமல் இந்த வருட எண்ணை ஆடிட்டரிடம் கேட்டு வாங்குங்கள். 'முழுக்க ஆபீஸ்' என்று பொய்யாக லாக் புக் எழுதுவதைவிட இந்த வழி நிம்மதி. பொய் லாக் புக்கை உங்கள் ஜிபிஎஸ்ஸே காட்டிக்கொடுத்துவிடும்!

கூடவே தரும் மாதிரி விதித்தாள்

சில சேவைகள் டிரைவர் கையெழுத்துப் போட ஒரு தாள் தருகின்றன. எங்கேயோ எழுதியதை எல்லா ஊருக்கும் கொடுப்பது. 'தமிழ்நாட்டுக்குள் மட்டும்' என்று அதில் இருக்கும். வேலூரிலிருந்து ஆம்பூரைவிடச் சித்தூர் கிட்டம். காட்பாடி தாண்டினால் ஆந்திரா. புரட்டாசி சனிக்கிழமை திருப்பதிக்கு அனுமதி இல்லை என்று சொல்கிற விதி இந்த ஊரில் ஒரு வருடம்கூட நிற்காது. எல்லைக்குப் பதில் கிலோமீட்டரில் எழுதுங்கள்: மாதம் 300 சொந்தம், மிச்சம் அடுத்த மாதத்துக்குச் சேரும், மூன்று மாதத்துக்கு மேல் சேராது, மேலே போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு. பெட்ரோல் லிட்டர் 101, வண்டி 16 கொடுக்கும் என்று வைத்தால் எரிபொருள் மட்டும் 6 ரூபாய் 30 காசு. டயர், சர்வீஸ் சேர்த்து 8 ரூபாய் என்று வைத்தால் யாரும் வாதாட மாட்டார்கள். ஆஸ்பத்திரி அவசரம் கணக்கில் வராது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

யார் ஓட்டலாம் என்பது அந்தத் தாளில் பெரும்பாலும் இருக்காது. லைசென்ஸ் உள்ள கணவன் அல்லது மனைவி ஓட்டலாம் என்றால் பெயரோடு எழுதுங்கள். 18 வயது ஆகாத பையன் ஓட்டி மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோர் மட்டுமில்லாமல் வண்டியின் உரிமையாளரும் வருவார். 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, ஆர்சி 12 மாதம் ரத்து. ஆர்சியில் இருப்பது கம்பெனி பெயர்.

இன்சூரன்ஸ் தாளையும் அன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கம்பெனி பெயரில் உள்ள வண்டிக்கு உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு கிடையாது. பாலிசியில் கூடுதலாகச் சேர்க்கும் ஐஎம்டி (IMT) பிரிவுகளில், குடும்பத்தோடு போகிறவருக்கு ஐஎம்டி 16, சம்பள டிரைவருக்கு ஐஎம்டி 28, உடன் போகும் மற்ற ஊழியர்களுக்கு ஐஎம்டி 29 சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டாரை ஏற்றிப் போனால் பாலிசி நிற்காது. அதைத் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இரண்டாம் வருடம்

முதல் வருட விலையில் கருவி, சிம், சர்வர் எல்லாம் சேர்ந்திருக்கும். புதுப்பிக்கும் தொகை எவ்வளவு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னது நிற்காது. உள்ளே இருப்பது 13 இலக்க எம்2எம் சிம் (கருவிகளுக்கென்றே தரும் சிம்), விற்றவர் பெயரில் இருக்கும். அவர் ரீசார்ஜ் செய்ய மறந்தால் கருவி ஊமை. சேவை பிடிக்காமல் வேறு ஆளிடம் போக நினைத்தால் கருவியின் சர்வர் முகவரியை மாற்றும் எஸ்எம்எஸ் பாஸ்வேர்டு வேண்டும். வாங்கும் நாளில் கேட்டால் தருவார்கள், சண்டை போட்ட பிறகு கேட்டால் தர மாட்டார்கள். 2ஜி கருவி விலை குறைவு, ஆனால் ஜியோவில் 2ஜி கிடையாது. 4ஜி கருவியே எடுங்கள். பழைய ரிப்போர்ட்டைச் சில மாதங்களுக்குப் பிறகு சர்வர் அழித்துவிடும் சேவைகள் உண்டு. மாதம் ஒன்றாம் தேதி எக்செலை இறக்கி, லாக் புக் ஸ்கேனோடு ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரிடம் வண்டியை வாங்கும்போது சாவி இரண்டு, ஆர்சி, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் என்று எண்ணி வாங்குவார்கள், அவர் போனில் ஆப் லாகின் இருப்பதை மறந்துவிடுவார்கள். வண்டியை விற்கும்போது கருவியையும் கழற்றி, ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அதை வாங்கிய குடியாத்தத்துக்காரர் எங்கே போகிறார் என்று உங்கள் அக்கவுன்ட்ஸ் பெண்ணுக்கு மெசேஜ் வந்துகொண்டே இருக்கும், அவர் டோலும் உங்கள் கணக்கில் விழும்.